தாழ்த்திய பத்மினி: முன் ஸ்பிரிங் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் கார் ஒரு பிரீமியர் பத்மினி. குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1980-களில் ஒரு நெல் வியாபாரி வாங்கியது. அவர் காலத்துக்குப் பின் கொட்டகையில் நின்றுபோன வண்டியைப் பேரன் வெளியே எடுத்தார். துருப்பிடித்த தரைத் தகட்டை மாற்றி, அடர்நீலம் அடித்து, இருக்கைகளுக்குப் புது உறை தைத்து, மறுபதிவும் செய்து ஓட வைத்தார். எஞ்சின் பழைய 1089 சி.சி.தான். கியரும் ஸ்டியரிங் தண்டில் உள்ள பழைய கியர்தான். எல்லாம் முடிந்தபின் அவருக்கு ஓர் ஆசை பாக்கி இருந்தது: காரின் முகம் மூன்று அங்குலம் தாழ வேண்டும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடம் மட்டும் இருந்தால் போதும்.

பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100 வரிசைக் காரை பம்பாய் குர்லாவில் கட்டி நம் ஊரில் ஓடவிட்ட வடிவம். முன்பக்கம் இரு சக்கரங்களுக்கும் தனித்தனியாக விஷ்போன் கைகளும் (சக்கரத்தைக் காரின் கூட்டோடு, அதாவது பாடியோடு, இணைத்து மேலும் கீழும் ஆடும் கவை வடிவத் தண்டுகள்) காயில் ஸ்பிரிங்கும் (சுருள் ஸ்பிரிங்) உண்டு. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பழைய அம்பாசிடரில் முன்பக்கத்தைத் தாங்குவது முறுக்குத் தண்டு. அதில் பழகியவர்கள் சொல்லும் தாழ்த்தும் யோசனைகள் பத்மினிக்கு உதவாது. இங்கே உயரத்தைத் தீர்மானிப்பது காயில் ஸ்பிரிங்கின் நீளமும் விறைப்பும்தான்.

ஓடும் சாலையையும் சொல்ல வேண்டும். டெல்டாவில் வாய்க்கால் இல்லாத மைல் கிடையாது. மதகும் சிறுபாலமும் உறுதியான அடித்தளத்தில் நிற்கின்றன. அவற்றின் இரு பக்கமும் சாலை களிமண்மேல் கிடக்கிறது. மழையில் ஊறி உப்பி, கோடையில் வெடித்து இறங்கும் மண் அது. ஆகவே பாலம் நின்ற இடத்தில் நிற்க, சாலை மட்டும் தணிகிறது. ஒவ்வொரு சிறுபாலத்திலும் ஏறும்போது ஒரு படி, இறங்கும்போது ஒரு படி. போதாததற்கு ஊருக்கு ஊர் வேகத்தடை. குறுவை அறுப்பு முடிந்தால் பாதிச் சாலையில் நெல் காயும். வண்டி ஓரத்துக்கு ஒதுங்கித்தான் போக வேண்டும்.

முதலில் நடந்தது

குடும்பத்தில் ஒரு திருமணம் நெருங்கியது. ஊர்வலத்தில் கார் தாழ்ந்த தோற்றத்தோடு போக வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினார். வேறொரு பட்டறையில் முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, கேஸ் கட்டரால் ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். மேலே வரும்போது கை முட்டும் இடத்தில் உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரையும் பாதி அறுத்து எடுத்திருந்தார்கள். ஷாக் அப்சார்பரைத் தொடவில்லை. சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்டும் பார்க்கவில்லை.

திருமணம் முடிந்து சில மாதங்களில் அவர் கும்பகோணத்தில் உள்ள ஒரு பட்டறைக்கு வந்தார். அந்தப் பட்டறைக்கு ஸ்பிரிங், ஸ்டியரிங் வேலைகளில் அளவெடுத்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அவர் சொன்ன குறைகள்: மதகில் ஏறும் ஒவ்வொரு முறையும் முதுகில் அறைவது போன்ற அடி, சைலன்சர் குழாய் இரண்டு இடங்களில் நசுங்கியிருக்கிறது, முன் டயர்கள் உட்பக்கம் மட்டும் தேய்கின்றன, திருப்பத்தில் எங்கிருந்தோ ஒரு டணக் சத்தம் வருகிறது.

அவர் கேட்டு வந்தது ஒன்றுதான்: “அண்ணே, ஸ்பிரிங் ரொம்பக் கடினமாகிவிட்டது. இதே உயரத்தில் மென்மையான ஸ்பிரிங் கிடைக்குமா?”

அளந்து பார்த்தவை

ஒப்பிட்டுப் பார்க்க மன்னார்குடியிலிருந்து கைபடாத பத்மினி ஒன்றை உரிமையாளரே கடனாகக் கேட்டுக் கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே அளவு டயர். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். காற்றழுத்தம் மாறினாலும் அந்த அளவு மாறாது. வெட்டிய கார் 73 மி.மீ. தாழ்ந்திருந்தது. முன்பக்க அடிப்பாகத்தின் மிகத் தாழ்ந்த இடம் கைபடாத காரில் தரையிலிருந்து 155 மி.மீ., இதில் 82 மி.மீ.

அடுத்தது எடை. அரிசி ஆலை எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி, ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் பார்த்தோம்: 480 கிலோ. மேடையும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இந்த அளவை நம்பலாம். ஒரு சக்கரத்துக்கு 240. அதில் சக்கரம், பிரேக் டிரம், கைகளின் ஒரு பங்கு என ஸ்பிரிங் தாங்காத எடை சுமார் 35 கிலோவைக் கழித்தால் 205.

பிறகு, சக்கரம் ஏறும் தூரத்துக்கும் ஸ்பிரிங் அமுங்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம். ஸ்பிரிங் கையின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால் இரண்டும் சமமாக இருக்காது. ஜாக்கியால் சக்கரத்தை 50 மி.மீ. உயர்த்தியபோது ஸ்பிரிங் 28 மி.மீ.தான் அமுங்கியது. விகிதம் 0.56. பலரும் தவறவிடும் எண் இதுதான். ஸ்பிரிங்கில் 10 மி.மீ. குறைத்தால் கார் 10 மி.மீ. தாழாது, ஏறக்குறைய 18 மி.மீ. தாழும். அதேபோல் ஸ்பிரிங் சுமப்பது 205 கிலோ அல்ல, 205-ஐ 0.56-ஆல் வகுத்தால் வரும் 366 கிலோ. சக்கரத்தில் உணரும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பை இந்த விகிதத்தால் இரண்டு முறை பெருக்கியது.

ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்தோம். கம்பி 13 மி.மீ., சுருளின் நடு விட்டம் 100 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் ஐந்தரை, சுமையில்லாத தளர்ந்த நீளம் 244 மி.மீ. விறைப்பைக் கணக்கிட நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள சூத்திரம் உண்டு: கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கை எஃகின் சறுக்கு விறைப்பால் (முறுக்கலை எஃகு எவ்வளவு எதிர்க்கிறது என்ற எண்) பெருக்கி, அதை எட்டு, சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். எஃகுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 8,000 கிலோ என்று வைத்தால் இந்த ஸ்பிரிங்குக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 5.2 கிலோ வந்தது, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5.2 கிலோ சுமை வேண்டும். வெட்டுவதற்கு முன் ஏழு சுற்று இருந்தபோது அது 4.1 கிலோ. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். வெட்டும்போது நீளமும் விறைப்பும் சேர்ந்தே மாறுகின்றன.

வெட்டிய முனை நீலம் பாய்ந்திருந்தது. கேஸ் சுடர் பட்டதற்கு அந்த நிறமே சாட்சி. வெட்டிய சூட்டில் அந்த இடத்து எஃகின் பதம் போயிருக்கும். கூர்மையான முனை, ஸ்பிரிங் உட்காரும் தட்டான இருக்கையைக் குடைந்து பள்ளம் பறித்திருந்தது. காரை ஜாக்கியில் முழுக்கத் தூக்கித் தொங்கவிட்டபோது ஸ்பிரிங் தன் இடத்தில் 10 மி.மீ. ஆடியது. 366 கிலோவில் 70 மி.மீ. அமுங்கி நிற்கும் ஸ்பிரிங், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது 80 மி.மீ. நீள வேண்டியிருந்தது. அந்த டணக் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும் கணத்தில் ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகித் திரும்ப உட்காரும்போது கோணலாக உட்கார்ந்தால், கார் ஒரு பக்கம் இழுக்கும். இந்த வண்டியில் எனக்கு அச்சம் தந்தது இதுதான்.

கடினம் எங்கிருந்து வந்தது

கைபடாத காரில் நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும்வரை சக்கரம் 80 மி.மீ. ஏற இடம் இருந்தது. 73 மி.மீ. தாழ்த்திய காரில் முழு ரப்பர் இருந்தால் மிஞ்சுவது 7 மி.மீ. ரப்பரைப் பாதி அறுத்ததால் இன்னும் சிறிது கிடைத்திருந்தது. அதற்கு விலை, முட்டும்போது ஏறக்குறைய இரும்பும் இரும்பும் மோதியது.

ஆக, உரிமையாளர் உணர்ந்தது ஸ்பிரிங்கின் கடினம் அல்ல. ஸ்பிரிங் வேலை செய்யவே இடம் இல்லை. மதகின் படியில் ஏறிய கணமே கை முட்டி நின்றுவிட, அடி முழுவதும் நேராகக் கூட்டுக்குப் போயிருக்கிறது. அதே உயரத்தில் மென்மையான ஸ்பிரிங் போட்டால் இன்னும் சீக்கிரம் முட்டும். அவர் கேட்டது கிடைத்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். தாழ்த்திய காருக்குச் சற்று விறைப்பான ஸ்பிரிங்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு தாழ்த்துவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

பரிசீலித்த வழிகள்

ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமுக்குவது: பேச்சே வேண்டாம் என்று ஒதுக்கினோம். பதம் போன எஃகு எப்போது தணியும், எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கைபடாத ஸ்பிரிங் வாங்கி, குளிர்ந்த நிலையில் கிரைண்டரால் அரைச் சுற்று வெட்டுவது: இருக்கைக்குப் பொருந்தும் முனையை விட்டு மறுமுனையில் வெட்டினால் ஓரளவு ஏற்கத்தக்கது. ஆனால் நீளமும் விறைப்பும் நம் விருப்பப்படி அமையாது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றது தானாக வந்து சேரும்.

சக்கர அச்சின் இடத்தையே மாற்றுவது: அச்சை ஸ்டியரிங் திருப்பும் பாகத்தில் சற்று மேலே ஏற்றி வைத்தால், கையும் ஸ்பிரிங்கும் அசையாமல் கார் தாழும், ஏறும் தூரமும் குறையாது. பொறியியலாகப் பார்த்தால் அழகான தீர்வு இதுவே. ஆனால் பத்மினிக்கு அப்படிப்பட்ட உதிரிபாகம் எங்கள் கைக்கு எட்டவில்லை. இருக்கும் பாகத்தையே உள்ளூரில் வெட்டி வெல்டிங் வைக்கச் சொல்லி ஒருவர் யோசனை கூறினார். தலைமை மெக்கானிக் அதை உடனே மறுத்துவிட்டார். அந்த வெல்டிங் ஒருநாள் விட்டால் சக்கரம் தனியே போகும். அவர் முடிவு சரி.

மிஞ்சியது, நமக்கு வேண்டிய அளவில் புது ஸ்பிரிங் சுற்றி வாங்குவது.

சட்டத்தையும் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொன்னோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றோடு மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. அடுத்த மறுபதிவின்போது பழைய உயரத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தால் திரும்ப முடிய வேண்டும். எனவே கூட்டில் எதையும் வெட்டுவதில்லை, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது என்று எல்லை வகுத்தோம்.

எவ்வளவு தாழ்த்துவது

இதில்தான் அதிக நேரம் செலவானது. செலவாக வேண்டிய இடமும் இதுவே.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் குறித்த அளவில் வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக, 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க ஏற்றது. பத்மினியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2,340 மி.மீ. தூரம். அப்படிப்பட்ட மேட்டின் நடுவே கார் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின்மேலேயே இருக்கும். வயிற்றுப் பகுதிக்கு எதிரே மேடு 40 மி.மீ.தான் உயர்ந்து நிற்கும். அளவோடு கட்டிய வேகத்தடையை 82 மி.மீ. இடைவெளி உள்ள அந்த வெட்டிய கார்கூட மெதுவாகத் தாண்டிவிடும்.

ஊர்த் தெருக்களில் இருப்பவை வேறு. ஒரு மீட்டர்கூட அகலமில்லாமல், கூன் விழுந்ததுபோல் எழுப்பிய மேடுகள். முன் சக்கரம் இறங்கிய பிறகும் பின் சக்கரம் ஏறியிருக்காது. மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு அடியில் வரும். உரிமையாளர் அன்றாடம் போகும் வழியில் உள்ள மேடுகளை நேரான கட்டையும் அளவுகோலும் கொண்டு அளந்தோம். மிக உயரமானது 115 மி.மீ.

இனிக் கணக்கு எளிது. 155-லிருந்து 115 போக 40 மிச்சம். அசைவுக்கும் ஸ்பிரிங் போகப் போகத் தணிவதற்கும் 10 வைத்தால் 30 மி.மீ. தாழ்த்தலாம். ஏறும் தூரப் பக்கமிருந்து பார்த்தாலும் 80-இல் 30 போக 50 மி.மீ. மிஞ்சும், முழு ரப்பரோடு அது போதும்.

உரிமையாளர் முகம் வாடிவிட்டது. ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவாகத் தாழ்த்துவதற்கா இவ்வளவு செலவு என்று கேட்டார். தலைமை மெக்கானிக் வாதம் செய்யவில்லை. பிளைவுட்டில் அந்த 115 மி.மீ. மேட்டின் வடிவத்தை வெட்டிப் பட்டறைத் தரையில் வைத்து, “தம்பி, உங்கள் காரைத் தள்ளுங்கள்” என்றார். வெட்டிய ஸ்பிரிங்கோடு நின்ற கார் அதன்மேல் உட்கார்ந்தது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியால் ஏற்றி, 30 மி.மீ. தாழ்த்தினால் நிற்கும் உயரத்தில் நிறுத்திக் காட்டினார். விரல் அளவு இடைவெளியில் பலகை அடியில் நின்றது. அதன்பின் பேச்சு சுமுகமாயிற்று.

ஸ்பிரிங்கை வகுத்தது

கைபடாத காரில் நிற்கும்போது ஸ்பிரிங்கின் நீளம் 215 மி.மீ. சக்கரத்தில் 30 மி.மீ. தாழ, ஸ்பிரிங்கில் 17 மி.மீ. குறைய வேண்டும்: 198 மி.மீ.

விறைப்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு. பழைய 4.1 கிலோவையே வைத்தால், குறைந்த தூரத்தில் அடிக்கடி முட்டும். பழைய ஸ்பிரிங் 80 மி.மீ.-இல் வாங்கிய அடியை 50 மி.மீ.-இலேயே முழுக்க வாங்க வேண்டும் என்றால் விறைப்பு இரண்டரை மடங்காக வேண்டும். அப்போது கார் மாட்டு வண்டியாகிவிடும். பின் பட்டை ஸ்பிரிங்கை மாற்றாமல் முன்னால் மட்டும் மிகவும் விறைத்தால் கார் முன்பின்னாக ஆடும். இடையில் 5.6 கிலோவைத் தேர்ந்தோம். முன்பக்கத்தின் இயல்பான அசைவு வினாடிக்குச் சுமார் 1.25 முறையிலிருந்து 1.46 முறையாக உயர்கிறது. பழைய காரைவிடச் சற்று இறுக்கம், குடும்பத்தோடு தஞ்சாவூர் போய்வர இடையூறு இல்லை.

வெட்டிய ஸ்பிரிங்கின் விறைப்பு 5.2 என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். உரிமையாளர் ‘ரொம்பக் கடினம்’ என்றதைவிடக் கடினமான ஸ்பிரிங்கைத்தான் அவருக்குத் தேர்ந்தோம்.

366 கிலோவை 5.6-ஆல் வகுத்தால் 65 மி.மீ. அமுங்கும். எனவே தளர்ந்த நீளம் 263 மி.மீ. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் 56 மி.மீ. நீள்கிறது, இன்னும் 9 மி.மீ. அழுத்தம் மிச்சம் இருப்பதால் இருக்கையை விட்டு விலகாது. இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் எந்தத் தாழ்த்தும் ஸ்பிரிங்கையும் வாங்கக் கூடாது. இருக்கைக்குப் பொருந்த உள்விட்டத்தை 87 மி.மீ. என்றே வைத்து, கம்பியை 14 மி.மீ. ஆக்கினோம், வேலை செய்யும் சுற்றுகள் 6.7. தடித்த கம்பியால் உள்ளழுத்தம் குறையும். முழுக்க முட்டும் நிலையிலும் சுற்றுகள் ஒன்றையொன்று தொடவில்லை என்பதையும் கணக்கில் பார்த்துக்கொண்டோம்.

கோயம்புத்தூரில் ஸ்பிரிங் சுற்றித் தருபவர் ஒருவரிடம் வரைபடத்தோடு கொடுத்தோம். விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியதால், எழும்பும் அசைவை அடக்க ஷாக் அப்சார்பரும் ஆறில் ஒரு பங்கு பலமாக வேண்டும். பழையவை எண்ணெய் கசிந்தன; திருச்சியில் பிரித்து, அதற்கேற்பச் சரிசெய்து வாங்கினோம். பம்ப் ஸ்டாப் ரப்பர் முழு அளவில் புதிதாகப் போட்டோம்.

பின்விளைவு

மாட்டியபின் வலப்பக்கம் 33, இடப்பக்கம் 31 மி.மீ. தாழ்ந்து நின்றது. சக்கரம் தாழத் தாழ அந்த 0.56 சற்று மாறுவதால் 30-ஐவிடச் சிறிது கூடுவது எதிர்பார்த்ததே. தஞ்சாவூரில் அலைன்மென்ட் செய்தபின் டயரின் உட்பக்கத் தேய்மானம் நின்றது. டணக் சத்தம் இல்லை. மதகுகளில் அடி இல்லை என்று சொல்ல முடியாது. முட்டும் அடி இல்லை. தெருவின் 115 மி.மீ. மேட்டை ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு நிதானமாகக் கடக்கிறார். மேட்டின்மேல் பிரேக் பிடித்தால் முகம் தாழ்ந்து தட்டும்.

வடகிழக்குப் பருவமழையும் சம்பா அறுவடையும் முடிந்தபின் மீண்டும் அளந்தோம். வலப்பக்கம் 38, இடப்பக்கம் 34. ஓட்டுநர் உட்காரும் பக்கம் கூடுதலாகத் தணிந்திருந்தது. வலப்பக்க ஸ்பிரிங்கின் அடியில் 4 மி.மீ. வளையமும் இடப்பக்கம் 2 மி.மீ. வளையமும் வைத்ததில் இரண்டும் 30-ஐ ஒட்டி வந்தன. அதற்குப் பிறகு எடுத்த அளவில் மாற்றம் இல்லை.

தோற்றத்தில் உரிமையாளருக்கு முழு நிறைவு இல்லை. மூன்று அங்குலம் கேட்டவருக்கு ஒன்றேகாலுக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. ஆனால் திருமணத்துக்கு மட்டும் வெளியே வந்த கார் இப்போது கும்பகோணம் சந்தைக்கும் போகிறது. வெட்டிய பழைய ஸ்பிரிங்குகளை அவர் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். யார் கேட்டும் வேறு காருக்குத் தரவில்லை.

அடுத்த முறை மாற்றுபவை

ஸ்பிரிங் சுற்றுபவரிடம் ஒரு வரி கூடுதலாக எழுதுவோம்: சுற்றிப் பதம் வைத்தபின் ஸ்பிரிங்கைச் சுற்றுகள் தொடும்வரை பலமுறை அழுத்தி, தணிய வேண்டிய அளவு அங்கேயே தணிந்த பின்புதான் 263 மி.மீ. வர வேண்டும். அப்படிச் செய்திருந்தால் வளையம் தேவைப்பட்டிருக்காது.

எடை மேடையில் இரு முன் சக்கரங்களையும் சேர்த்து நிறுக்காமல், வலம், இடம் தனித்தனியாக நிறுப்போம். ஒரு பக்கம் கூடுதல் எடை என்றால் அந்தப் பக்க ஸ்பிரிங்குக்குச் சில மில்லிமீட்டர் கூடுதல் நீளம் கேட்கலாம்.

பின் பட்டை ஸ்பிரிங்கையும் முதல் நாளிலேயே அளப்போம். இந்தக் காரில் அது தணியாமல் இருந்தது. நாற்பது ஆண்டு நெல் மூட்டை சுமந்த வேறொரு பத்மினியில் அப்படி இருக்காது. பின்பக்கம் தணிந்திருந்தால் முன்னால் எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில்தான் விழும்.

இந்த எண்களை அப்படியே இன்னொரு காருக்கு எடுக்க வேண்டாம். பத்மினிகளில் இத்தனை ஆண்டுகளில் யார் எந்த ஸ்பிரிங்கை மாற்றினார்கள் என்று தெரியாது. எடை, விகிதம், மிச்சத் தூரம், வழியில் உள்ள மேட்டின் உயரம் ஆகிய நான்கையும் அந்தந்தக் காரிலும் அந்தந்த ஊரிலும் அளந்த பிறகு கம்பியின் தடிமனைப் பேசலாம்.